வெளியே வர வழியில்லாத கிராஃப்

அத்தியாயம் 11

போன வாரம் மூத்தவளை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று நினைவிருக்கும். அலுவலகக் கூட்டத்தில், பன்னிரண்டு பேர் நடுவில், மூக்குடைந்து உட்கார்ந்திருந்தாள்.

உடைத்தது வேறு யாருமில்லை, சொந்த ஓரகத்தி. நான்கு வருடமாக மூத்தவள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கிராஃப்களில் ஒன்றை எடுத்து, திரையை அணைத்துவிட்டு, ஒலியை மட்டும் ஓடவிட்டாள் இளையவள். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"படம்."

எத்தனை வளைவு, எத்தனை நிறம், சுட்டியைக் கொண்டுபோனால் பூப்போல விரிகிற எத்தனை புள்ளிகள்! எல்லாம் சேர்ந்து ஒரு சொல். யாரோ சிரித்தார்கள். யார் என்று இன்றுவரை மூத்தவள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாளே இளையவள் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள். அது நூலகத்தில், அதாவது ஆயத்த கிராஃப்களின் மென்பொருள் தொகுப்பில், சேர வேண்டுமென்றால் மூத்தவள் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த அலுவலகத்தில் கிராஃப் வேண்டுமென்கிற எந்தக் குழுவும் புதிதாக வரையாது. மூத்தவளின் நூலகத்திலிருந்து ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு புள்ளி நகர வேண்டுமானாலும் அவள் கை பட வேண்டும்.

கை படவில்லை. ஒன்பது நாள்.

*

பத்தாம் நாள் காலையில் சமையலறையிலிருந்து டீயோடு வந்த மூத்தவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் மாமனார். ஹெட்போனின் ஒரு காது அவருக்கு, மறு காது இளையவளுக்கு. இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. மடிக்கணினியின் திரை கறுப்பாக இருந்தது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

"இல்ல, இல்ல. 'அப்புறம்'னு போடாதே. எப்போன்னு சொல்லு. மொட்டையா அப்புறம்னா கேக்கறவன் எங்க நிப்பான்?"

"சரி மாமா. 'நடுவுல'?"

"'மூணாவது வாரத்துல.' அப்படிச் சொன்னாதான் கோடு கண்ணுக்குத் தெரியும்."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்டி, வாலு!"

சிரித்தார்கள். டீ டம்ளர் மூத்தவளின் விரலைச் சுட்டது. சுட்டது டீ மட்டுமில்லை.

இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுடைய இடம்தான் இருந்தது. மாமனார் வானிலை நிலையத்தில் முப்பது வருடம் காற்றழுத்தக் கோடுகளைப் பார்த்தவர். அவள் வரைந்ததையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இந்த அச்சு பொய் சொல்லுது பெரியவளே. பூஜ்யத்துல ஆரம்பிக்காம ஏமாத்தறே" என்பார். அவள் சண்டை போடுவாள். அவர் ஜெயிப்பார். இரண்டு வருடம் முன்பு கண் அழுத்த நோய் அவருடைய பார்வையை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லத் தின்று கடைசியில் நடுவையும் எடுத்துக்கொண்டது. பார்க்க முடியாதவரிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? அவள் நிறுத்திக்கொண்டாள். நாகரிகம் என்றுதான் நினைத்தாள்.

அந்தக் காலி இடத்தில் இளையவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் மூத்தவள்தான்.

"டீ," என்று மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் மாமனாரின் தலை திரும்பியது.

"பெரியவளா? இன்னைக்குத்தானே ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க?"

"உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கே மாமா."

"யாராவது சொன்னாத்தானே தெரியும்," என்றார் அவர். அதில் ஏதோ முள் இருந்தது. அவசரத்தில் மூத்தவள் கவனிக்கவில்லை.

படுக்கையறையில் அவள் கணவன் சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"உங்க தம்பி பொண்டாட்டி ஒரு வருஷத்துக்குள்ள இந்த வீட்டையே வளைச்சுப் போட்டுட்டா."

"அப்பா சிரிக்கறாரு. நல்லதுதானே?"

"நல்லதுதான்! நான் வேண்டாம்னேனா?"

"பல்லைக் கடிச்சுட்டுச் சொல்றியே, அதான் கேட்டேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இளையவளோடு ஒரே பேருந்தில் போகக்கூடாது என்பதற்காகவே இருபது நிமிடம் முன்னதாக.

*

இன்றைய நாளில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பெரிய மருத்துவமனை, நோயாளிகள் தங்கள் சர்க்கரை அளவை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு இணையதளம் கட்டுகிறது. சர்க்கரை நோயில் பார்வையை இழந்தவர்கள் நிறையப் பேர் அதைப் பயன்படுத்துவார்கள். அதனால் அணுகல்தன்மை விதிகளில் ஒன்றுகூடத் தவறக்கூடாது என்பது நிபந்தனை. நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் சொல்லக்கூடாது. கண்ணால் தெரிவது காதாலும் தெரிய வேண்டும். சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டுமே எல்லா இடத்துக்கும் போய்வர முடிய வேண்டும். சோதித்துப் பார்க்க மருத்துவமனை அதிகாரியே மூன்று மணிக்கு வருகிறார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அவர் தலையசைத்தால் மூத்தவளின் நூலகம் வாழும். இல்லையென்றால் வெளியிலிருந்து வேறொரு நூலகம் வரும். நான்கு வருட உழைப்பு ஒரு பழைய கோப்புறையில் தூங்கப் போய்விடும்.

இளையவளின் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால் வேலை முடிந்தது. மூத்தவளுக்கும் அது தெரியும். முதல் நாளே படித்துவிட்டாள். நன்றாக இருந்தது. அதுதான் வினை.

ஆகவே அவள் குறிப்புகள் எழுதினாள். இந்தப் பெயர் நீளம், சுருக்கவும். இங்கே ஒரு இடைவெளி அதிகம். இளையவள் அன்றன்றே திருத்தினாள். மூத்தவள் புதிதாக ஒன்று கண்டுபிடித்தாள். ஐந்தாம் நாள், கிராஃப் முதலில் பேசுகிற சுருக்க வாக்கியங்களின் மேல் கை வைத்தாள். "ரேடியோ பெட்டி மாதிரி இருக்கு. யார் எழுதிக் கொடுத்தது? இந்தக் காலத்து ஆள் மாதிரித் தெரியலையே." எழுதி அனுப்பிவிட்டு அன்று முழுக்க மனசுக்குள் இனித்துக்கொண்டிருந்தாள்.

கூடவே, யாருக்கும் சொல்லாமல், தானே ஒரு திருத்தம் செய்தாள். கிராஃப்பின் ஒவ்வொரு புள்ளியும் பேசும். டேப் விசையைத் தட்டினால் முதல் நாள், மறுபடி தட்டினால் இரண்டாம் நாள். வருடத்தின் கடைசி நாள் வந்ததும் மீண்டும் முதல் நாளுக்கே போய் நிற்கும். அது ஒரு அழகு என்று நினைத்தாள், வட்டமாக, முடிவில்லாமல். தானியங்கிச் சோதனையில் ஓட்டினாள். நூற்றுக்கு நூறு. அதை அச்செடுத்துத் தன் மேசைத் தடுப்பில் ஒட்டினாள்.

பதினோரு மணிக்கு இளையவள் அந்தக் காகிதத்தின் முன் வந்து நின்றாள். அவள் மேசையில் சுட்டியே கிடையாது, கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'டேப் ராணி' என்று பெயர்.

"அக்கா, இது என்னோடது இல்லையே?"

"என்னோடது."

"காதால கேட்டுப் பாத்தீங்களா?"

"நூறு போட்டிருக்குல்ல?"

"அந்தச் சோதனைக்குப் பாதிதான் கண்டுபிடிக்கத் தெரியும் அக்கா. மிச்சத்தை ஒரு ஆள் உக்காந்து தட்டித்தான் பாக்கணும். அஞ்சு நிமிஷம் நான் தட்டிப் பாக்கறேனே?"

"ஏன், இன்னொரு கூட்டம் போட்டுக் காட்டணுமா?"

இளையவளின் முகம் சிவந்தது. "அன்னைக்கு நான் உங்ககிட்டத் தனியா சொல்லியிருக்கணும். தப்புதான். அதுக்காக…"

"அதுக்காக ஒண்ணும் இல்லம்மா. போய் வேலையைப் பாரு."

'அம்மா'வை எவ்வளவு குளிர்ச்சியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு குளிர்ச்சியாகச் சொன்னாள்.

*

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். குண்டான, வேடிக்கையான மனிதர். மடக்குத் தடியை மேசையில் வைத்துவிட்டு, "திரையை யாராவது அணைச்சுடுங்க. கரண்ட் மிச்சம்," என்றார். மேலாளர் தேவைக்கு மேல் சிரித்தார். எதற்கெடுத்தாலும் "பத்து நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதால் மேலாளரின் பட்டப்பெயரே 'பத்து நிமிஷம்'.

அதிகாரி டேப்பைத் தட்டினார். திரைவாசிப்பான் வேகமாகப் பேசியது. முதல் நாள், நூற்று நாற்பது. இரண்டாம் நாள், நூற்று முப்பத்தெட்டு.

"ஆஹா, பேசுதே," என்றார்.

மூத்தவள் ஓரக்கண்ணால் இளையவளைப் பார்த்தாள். இளையவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டினார். தட்டினார். இருபது, முப்பது, ஐம்பது. அறையில் எண்கள் மழைபோலக் கொட்டின. அவருடைய புருவம் ஏறியது.

"இந்த கிராஃப்புக்குக் கீழ என்ன இருக்கு?"

"'மருத்துவரை அழை'ங்கற பொத்தான் சார்," என்றார் மேலாளர்.

"அதுக்கு எப்படிப் போறது?"

அதிகாரி டேப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். திரைவாசிப்பான் மூச்சு முட்டியதுபோல் நாட்களைப் பாதிப் பாதியாக விழுங்கிக்கொண்டே ஓடியது. கடைசி நாள். எல்லோரும் மூச்சை விட்டார்கள். பிறகு அது தெளிவாகச் சொன்னது: முதல் நாள், நூற்று நாற்பது.

அதிகாரி பின்பக்கமாகப் போய்ப் பார்த்தார். முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குப் போனது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உள்ள வாங்கன்னு கூப்பிட்டுட்டு வெளியில பூட்டிட்டீங்களே!" குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. "எனக்கு சர்க்கரை முன்னூறு, தலை சுத்துதுன்னு வைங்க. டாக்டரைக் கூப்பிடணும். நான் இங்கயே சுத்திட்டிருக்கணுமா?"

மூத்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. அழகு என்று நினைத்த அந்த வட்டம், ஒரு மனிதனை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது.

இப்போது இளையவள் சொல்லலாம். என் திருத்தம் ஒன்பது நாளாக அக்கா மேசையில் கிடக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மூத்தவளாக இருந்தால் சொல்லியிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

"சார், இது பாதிதான்," என்றாள் இளையவள். "ஒரு டேப்ல உள்ள போய், அம்புக்குறி விசையால உள்ள நடந்துட்டு, அடுத்த டேப்ல வெளிய வந்துடலாம். முதல்லயே முழு கிராஃப்பையும் ரெண்டு வாக்கியத்துல சொல்லும். அந்தப் பாதியும் தயாரா இருக்கு. அக்கா பாத்துட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில கேட்டுருங்களேன்."

"பத்து மணி," என்று அதிகாரி தடியை விரித்தார். "பதினோரு மணிக்கு வேற இடத்துல வேற நூலகத்தைக் கேக்கப் போறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். காட்டிக் கொடுத்திருந்தால் பதிலுக்கு எரிந்து விழுந்திருக்கலாம். காப்பாற்றிவிட்டாளே! அதைத்தான் மூத்தவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு நான்கு மணிக்கு முன்பே அலுவலகத்தை விட்டு வெளியே வந்தாள்.

*

வீட்டில் மாமனார் மட்டும் இருந்தார். காலடிச் சத்தத்திலேயே, "பெரியவளே, என்ன ஆச்சு?" என்றார்.

"நாளைக்குத் தள்ளிப் போட்டிருக்காங்க."

"ஏன்?"

அவள் பையை வைத்துவிட்டு, எதிரில் இருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. "என்னோடது சரியா வரல மாமா."

"சின்னவளோடது?"

"அது இன்னும் சேரல."

"சேராதுதானே. 'ரேடியோ பெட்டி மாதிரி இருக்கு'ல்ல?"

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"'யார் எழுதிக் கொடுத்தது? இந்தக் காலத்து ஆள் மாதிரித் தெரியலையே,'" என்று மாமனார் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். "நான்தான் எழுதிக் கொடுத்தேன். இந்தக் காலத்து ஆள் இல்லதான்."

காது மடல்கள் சுட்டன. "மாமா, எனக்குத் தெரியாது…"

"நீ எழுதற ஒவ்வொரு குறிப்பையும் எனக்குப் படிச்சுக் காட்டுவா. வாக்கியம் என்னோடதாச்சே, திருத்தம் நான்தானே சொல்லணும்? இடைவெளி அதிகம்னு மூணு தடவை எழுதியிருந்தே. அது வாக்கியத்தைப் பத்தி இல்லன்னு எனக்கே புரிஞ்சுது."

அவர் கையால் காற்றில் ஒரு கோட்டை இழுத்தார், இடமிருந்து வலமாக.

"எங்க நிலையத்துலேருந்து தலைமை அலுவலகத்துக்குப் படம் அனுப்ப வழி கிடையாது. போன்லதான். நான் இங்க கோட்டைப் பாத்துச் சொல்வேன், அங்க ஒருத்தன் கேட்டுக் கேட்டு வரைவான். எங்க ஆரம்பம், எங்க முடிவு. உச்சம் எது, பள்ளம் எது, எப்போ. அப்புறம்தான் மத்த நெளிவெல்லாம். வரிசை மாறினா அவன் கோடு கோணிடும். முப்பது வருஷம் அவன் மூஞ்சியை நான் பாத்ததில்ல. ஆனா நான் சொன்ன புயலை அவன் வரைஞ்சிருக்கான்."

"இதை என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே மாமா."

"நீ கேட்டாத்தானே? ரெண்டு வருஷமா ஒரு கிராஃப் என் பக்கம் கொண்டு வரல நீ."

"உங்களால பாக்க முடியாதேன்னுதான்…"

"எனக்குக் கண்ணு போச்சு. உனக்கு வாய் போச்சா?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் இரண்டு வருடமாக உள்ளே ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது. தன் இடத்தை இளையவள் பிடுங்கிக்கொண்டாள் என்று இத்தனை நாளும் புழுங்கினாளே, யாரும் பிடுங்கவில்லை. இவளாக எழுந்து போயிருக்கிறாள்.

இப்படித் தெரிந்ததும் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இன்னும் கொஞ்சம் கூடியது. ஆனால் மூத்தவள் மடிக்கணினியை எடுத்தாள். எழுந்து வந்து அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்பவே ஒப்புதல் போட்டுடறேன் மாமா."

அவர் திரும்பவில்லை. ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை திறந்தது. இளையவளின் திருத்தம் இருந்த பக்கத்துக்குப் போனாள். ஒன்பது நாளாக வலது மூலையில் பச்சையாகக் காத்திருந்த பொத்தான் அங்கே இல்லை.

சேர்க்கப்பட்டது, மாலை நாலு பத்து. ஒப்புதல் தந்தவர்: மேலாளர்.

கீழே இளையவளின் ஒரு வரி. "ஒன்பது நாளின் குறிப்புகளையும் மேலாளரிடம் நேரில் காட்டினேன்." அதற்கும் கீழே, இந்த நூலகத்தில் ஒப்புதல் தரக்கூடியவர்களின் பட்டியல். நான்கு வருடமாக அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இப்போதும் ஒரே ஒரு பெயர்தான். அது மூத்தவளுடையது இல்லை.

கைபேசி அதிர்ந்தது. மேலாளர். "நாளைக்கு ஒன்பது மணிக்கு, அதிகாரி வர்றதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம் பேசலாமா?"

அறையில் எல்லோர் முன்னும் காப்பாற்றியவள், கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் கொடுத்துவிட்டாள். டேப் ராணி ஒன்றும் மகான் இல்லை! ஒரு கணம் மூத்தவளுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த கணம் திரை கலங்கித் தெரிந்தது. வேலை இப்போது நன்றாக முடிந்திருக்கிறது. நாளை அதிகாரி தலையசைப்பார். அதில் இவள் கை எங்குமே படவில்லை.

"என்னம்மா, போட்டுட்டியா?" என்று கேட்டார் மாமனார்.

கேட்ட விதத்தில் பழைய குரல் இருந்தது. பூதக்கண்ணாடியோடு காத்திருப்பாரே, அந்தக் குரல்.

"போட்டுட்டேன் மாமா," என்றாள் மூத்தவள்.

அவர் முகம் விரிந்தது. கையை நீட்டித் துழாவி அவளுடைய தலையைக் கண்டுபிடித்து ஒரு குட்டு வைத்தார். "எனக்குத் தெரியும். சின்னவகிட்டகூடச் சொன்னேன், பாரு, கடைசியில அவளே வந்து போடுவா, என் பெரியவ அப்படித்தான்னு. ஆயிரம் பேர் வரட்டும், எனக்கு முதல்ல கோடு காட்டினவ நீதானே?"

மூத்தவள் நிமிர்ந்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. கையில் சாவியோடு இளையவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஆனால் பொய்யையும் கேட்டிருந்தாள், அதற்குக் கிடைத்த பரிசையும் கேட்டிருந்தாள்.

மூத்தவள் எதிர்பார்த்தது கோபத்தை. அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் இளையவள் பார்த்துக்கொண்டிருந்தது அவளை இல்லை. மூத்தவளின் தலைமேல் இன்னும் எடுக்காமல் இருந்த மாமனாரின் கையை. உதடு லேசாக உள்ளே மடிந்தது.

அது என்னவென்று மூத்தவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒன்பது நாளாகக் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"யாரு, சின்னவளா?" மாமனார் மகிழ்ச்சியோடு கதவுப் பக்கம் திரும்பினார். "வா, வா. உங்க அக்கா என்ன பண்ணியிருக்கான்னு கேளு!"

இளையவள் சாவியை மேசையில் வைத்தாள்.

"நான் சொல்றேன் மாமா," என்றாள்.